பத்து நாற்பதுக்கு எடுத்த ரத்தம்

தையல் ஆலையில் அவரைக் கட்டிங் மாஸ்டர் என்பார்கள். பத்தொன்பது வருடம் அந்த மேசை அவருடையது. நூறு அடுக்குத் துணியை விரித்து, மேலடுக்கில் சாக்பீஸால் கோடு போட்டு, மிஷின் கத்தியை உள்ளே விட்டால் நூறு சட்டையும் ஒன்றுபோல வரும். மேல்கோடு பிசகினால் நூறும் பிசகும். அதனால் கோடு போடும்போது யாரிடமும் வாய் திறக்கமாட்டார்.

இப்போது அவருக்கு வேறு பெயர். ரெண்டு இடது. அடிபட்டுத் திரும்பிய மூன்றாவது வாரம், வலக்கைக்கு அளவு அட்டையைத் திருப்பி வைக்க மறந்து, நூறு சட்டைக்கும் இரண்டு இடதுகைகளாக வெட்டித் தள்ளினார். "மாஸ்டர், இத போட்டுக்கிட்டு எந்தக் கையால கும்பிடறது?" என்று இஸ்திரிக்காரன் கேட்டதில் ஆலையே சிரித்தது. அவரும் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. பட்டன் பிரிக்கும் இடத்தில் அவரை உட்கார வைத்து, ஆறு மாதம் முடியட்டும், மேசையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார்.

மேல் தட்டிலிருந்து சரிந்த துணி உருளை ஒன்றுதான் அவர் தலையில் விழுந்தது. காலை ஒன்பது மணி. கொண்டுபோன ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ் அவருடைய தங்கை. அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மூளையில் அடிபட்டால் அங்கிருந்து ஒரு புரதம் ரத்தத்தில் கசியும். அதை அளந்து, ஆள் எந்த அளவுக்குத் தேறுவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்த்தார்கள். அவருக்கு அளவு குறைவு. ஆறு மாதத்தில் பழையபடி ஆகிவிடுவார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதம்தான் வினையானது. தலைக்குள் இரைகிறது, கோடு இரண்டாகத் தெரிகிறது என்றால் மேலாளர் காகிதத்தை எடுத்து நீட்டினார். அடுப்பை அணைக்க மறந்து நின்றபோது மனைவி முதலில் பதறினாள். பிறகு பொறுத்தாள். பிறகு, உடம்பில் ஒன்றுமில்லை, வேலைக்கு மனசுதான் வணங்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வந்த தங்கையிடம் நேராகவே கேட்டுவிட்டாள், இவருக்கு நிஜமாகவே முடியவில்லையா என்று. தங்கை கையிலிருந்த தம்ளரைப் பார்த்தபடி சொன்னாள்:

"ரத்தம் பொய் சொல்லாது அண்ணி."

அவரும் நம்பினார். உடம்பு வளையாத சோம்பேறி ஆகிவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, விடிந்ததும் பழைய செய்தித்தாளில் சட்டைக்கை வரைந்து பழகினார்.

ஆறாம் மாதம் ஆராய்ச்சிக்காரப் பெண் வீட்டுக்கு வந்தாள். தங்கையும் இருந்தாள். கேள்விகளெல்லாம் முடிந்து, பெண் படிவத்தைப் படித்துக் காட்டினாள். அடிபட்டது ஒன்பது மணி. ரத்தம் எடுத்தது அன்றே காலை பத்து நாற்பது.

அவர் நிமிர்ந்தார்.

ஆஸ்பத்திரியின் முதல் இரண்டு நாளில் அவருக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்று. ஜன்னலில் இளவெயில். தள்ளுவண்டியில் ரொட்டியும் பாலும் வருகின்றன. ரொட்டி தீய்ந்திருக்கிறது என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சண்டை பிடிக்கிறார். தங்கை அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, "ஆடாத அண்ணா, இங்க நான்தான் மாஸ்டர்" என்று சிரித்து ஊசி குத்துகிறாள். குழாயில் மஞ்சள் சீட்டு ஒட்டுகிறாள். ஆறு மாதமாகத் தலை இரையும்போதெல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் சீட்டு எதற்கு என்று பெண்ணிடம் கேட்டார். ஆராய்ச்சிக் குழாய்க்கு மட்டும், ஆளுக்கு ஒன்றுதான் என்றாள். மறுநாள் எடுத்திருந்தால்? சேர்த்திருக்கவே மாட்டோம் என்றாள். பன்னிரண்டு மணி நேரம்தான் கெடு. மறுநாளைக்குள் அந்தப் புரதம் இறங்கிவிடும், பெரிய அடியும் சின்ன அடியாகத் தெரியும்.

அவர் தங்கையைப் பார்த்தார். "நீயே சொல்லு."

சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பார்.

"எழுதியிருக்கறதுதான் நேரம். உனக்கு அன்னிக்கு நினைவே இல்லையே அண்ணா."

"ரொட்டி வண்டி வந்துச்சு."

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "வண்டி காலைல ஏழு மணிக்கு மட்டும்தான் வரும்" என்றாள் மெதுவாக. "முதல் நாள் பூரா இவர் கண்ணே தொறக்கல."

தங்கை உடைந்தாள். அன்று பகல் முழுக்க வாந்தி எடுத்த அண்ணனைத் தாங்கிக்கொண்டு நின்றதில் குழாய் மறந்தே போனது. ராத்திரி அவசரப் பிரிவில் வேறு கூட்டம். காலையில்தான் ஞாபகம் வந்தது. ஆராய்ச்சியில் சேர்ந்தால்தான் பெரிய டாக்டர் பார்ப்பார். அதனால் நேரத்தை மாற்றி எழுதினாள். "உனக்காகத்தான்" என்றாள்.

"சரி, அது எனக்காக. அண்ணிகிட்ட சொன்னது யாருக்காக?"



நேரம் தவறென்றால் இவருடைய ரத்தத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும், டாக்டர் எழுதிய காகிதமும் செல்லாது, எடுத்தவர் பெயரையும் மேலே சொல்ல வேண்டும் என்றாள் பெண். மேலாளர் இனி அந்தக் காகிதத்தை நீட்ட முடியாது. ஆனால் முடியவில்லை என்று காட்ட இவரிடமும் ஒரு காகிதம் இருக்காது.

"என் வேலை போயிடும் அண்ணா."

அவர் படிவத்தைப் பார்த்தார். மேல்கோடு. இதற்குக் கீழே எத்தனை அடுக்கோ, எத்தனை பேர் தலையோ. பேனாவை வாங்கிப் பத்து நாற்பதை அடித்தார். கோடு கோணலாகத்தான் விழுந்தது.

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் மறந்துடற. இத மட்டும் மறக்கலயே நீ."

இனி தலை இரைந்தால் பிடித்துக்கொள்ள அவருக்கு அந்தச் சிரிப்பும் இல்லை.