அக்காவின் பழைய டேப்

பகல் பன்னிரண்டு மணிக்கு, பிரான்சில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்துக்குப் பின்னால், போனைச் சன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துக் கைகளை அசைத்துக்கொண்டு நிற்பேன். உடன் வேலை செய்யும் நதாலி முதல் நாள் அதைப் பார்த்து, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள். தெரிந்த பிரெஞ்சில் ‘மா ஸேர்’ என்றேன். என் சகோதரி என்று பொருள். கன்னியாஸ்திரீகளையும் இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நான் கையால் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்த நதாலி, சிலுவை போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

என் அக்கா தனத்துக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. எங்கள் ஊரான பாகூரில் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவளும் நானும் அம்மாவும் சேர்ந்து எங்களுக்கென்று ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டோம். காதுமடலை இழுத்தால் அப்பா. உள்ளங்கையை ஊதினால் மணப்பட்டுக் கடல். அம்மா போன பிறகு அது முழுதாகத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அக்கா புருஷன் ராசேந்திரன் மாமாவுக்குச் சோறு, மாடு, மழை, காய்ச்சல் அளவுக்குத் தெரியும்.

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். ஒரு கண்ணுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கு முந்தின வாரம்தான், வீடியோவில் படம் விட்டுவிட்டு வருகிறதே என்று அக்காவின் வீட்டில் புது வைஃபை பெட்டி வைக்க ஏற்பாடு செய்திருந்தேன். கேபிள்காரர் சேகர் அரியாங்குப்பத்திலிருந்து வந்து மாட்டினார். மற்றதையெல்லாம் இங்கிருந்தே என் போனில் உள்ள செயலி வழியாக நான் அமைத்தேன். பாதுகாப்பு எவ்வளவு வேண்டும் என்று கேட்டது. தூரத்தில் இருப்பவளின் பயத்தோடு, இருப்பதிலேயே பலமானதைத் தொட்டேன். அன்றோடு, நாங்கள் கைப்பேச்சு பேசும் அக்காவின் பழைய டேப் கணினி இணைப்பில்லாமல் நின்றுபோனது.

“பாஸ்வேர்டு தப்புன்னே சொல்லுதும்மா. நாலு தபா போட்டுட்டேன்,” என்றார் மாமா, தன் பட்டன் போனில். அணைத்துப் போடச் சொன்னேன், பெட்டியைப் பிடுங்கி மாட்டச் சொன்னேன். பக்கத்து வீட்டு மேரியின் போனிலும் கூப்பிட்டுப் பார்த்தோம். புரை விழுந்த கண்ணுக்கு அந்தச் சின்னத் திரையில் என் முகம் தெரிந்தது, விரல்கள் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் யாருடைய கண்கட்டையோ பார்த்துவிட்டு வந்த அக்கா, கண்ணைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். “ஆஸ்பத்திரி சீட்டை எடுத்தாலே கொல்லப்பக்கம் போய் உக்காந்துக்குதும்மா. நான் இன்னா பண்றது?” என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளிலும் சேகர் வந்தார். அவருடைய போன் வைஃபையில் உடனே இணைந்தது, டேப் இணையவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“பாஸ்வேர்டு சரிதாங்க்கா. இந்த டேப் பழசு, நீங்க போட்ட புது பூட்டு இதுக்குத் தெரியாது. உங்க போன்லதான் மாத்த முடியும்.”

“பூட்டையே லேசாக்கிடட்டுமா?”

“வேணாங்க்கா, மொத்த வூட்டுக்கும் இன்னாத்துக்கு? கெஸ்டுன்னு தனியா ஒண்ணு இருக்கும். அத்த மட்டும் தொறந்து பழைய பூட்டு போடுங்க.”

அப்படி எதுவும் இல்லை என்று நான் சாதித்தேன். அரை மணி நேரம் தேடினோம். என் செயலியோ பிரெஞ்சு பேசியது. ‘அன்வித்தே’ என்ற சொல்லை மூன்று முறை தாண்டிப் போயிருந்தேன். விருந்தாளி. அதைத் தொட்டேன்.

டேப் விழித்தது. அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது. உள்ளங்கையால் என் கண்ணை மூடினேன். மறுகையால் சூரியனைச் சாய்த்து, மறுபடி எழுப்பிக் காட்டினேன். பிறகு கண்ணைத் திறந்து சிரித்தேன். இன்னொரு முறை என்றாள். மூன்று முறை செய்தேன். அவள் எழுந்துபோய் ஆஸ்பத்திரி சீட்டை எடுத்து வந்து தன் மடியில் வைத்துக்கொண்டாள். சேகர் மோர்கூடக் குடிக்காமல், மதகடிப்பட்டில் இன்னொரு வீடு இருக்கிறது என்று கிளம்பிவிட்டாராம். என் குரல் தவிர என்னை அறியாத மனிதர்.

செவ்வாய்க்கிழமை கட்டை அவிழ்த்தார்கள். அன்று மாலை அக்கா டேப்பை எட்டப் பிடித்துக்கொண்டே என்னை உற்றுப் பார்த்து, முதலில் சொன்னது எனக்குத் தலை நரைத்துவிட்டது என்பதைத்தான்.

செயலியில் பாகூர் வீட்டு இணைப்புகளின் பட்டியலை இப்போதும் அடிக்கடி திறந்து பார்க்கிறேன். அந்த வீட்டை விட்டு ஒரு நாளும் வேறெங்கும் குடிபோகாதவளின் பெயர் அதில் விருந்தாளி என்பதன் கீழே இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக அந்த வாசலை மிதிக்காத என் பெயருக்கு நேரே, உரிமையாளர் என்று எழுதியிருக்கிறது.