தாளின் மேல் வைத்த கை

அவர் பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். எச்.ஐ.வி. உடம்பில் இருக்கிறது என்று தெரிந்து பல வருடங்களாகியும் ஒரு மாத்திரைகூட விழுங்காமல் திடமாக இருந்தார். இப்படிப்பட்டவர்கள் மிக அபூர்வம். அவருடைய வெள்ளணுக்களே வைரஸை அடக்கி வைத்திருந்தன. எப்படி அடக்குகின்றன என்று பார்ப்பதுதான் கோவை ஆய்வுக்கூடத்தில் என் வேலை. எனக்கு அவர் ஒரு புதையல்.

சிகிச்சை மையத்தில் எல்லாருக்கும் மாத்திரை தருகிறார்கள். அங்கிருந்த ஆலோசகர் இவரையும் விடாமல் வற்புறுத்தினார். நோவே இல்லாதவனுக்கு மருந்து எதற்கு என்று இவர் தட்டிக் கழித்தார். எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று நானும் ஒப்புக்குச் சொல்லியிருந்தேன். சொன்னேனே தவிர, தொடங்கிவிடுவாரோ என்று உள்ளுக்குள் பயம். மாத்திரை உள்ளே போய்விட்டால், வைரஸை அடக்குவது மருந்தா, அவர் உடம்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒருநாள் அவருடைய பரிசோதனைத் தாள் வந்தது. அதுவரை அகப்படாத வைரஸ் தலைகாட்டியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் காவல் தளர்கிறது என்று அர்த்தம். அவருக்கு அது கெட்ட செய்தி. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. எதிர்ப்புச் சக்தி உடையும் அந்தச் சமயம் லேசில் யாருக்கும் சிக்குவதில்லை. இன்னும் இரண்டு முறை இரத்தம் எடுத்தால் போதும். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று என் படித்த புத்தி கேட்டது.

சந்தை முடிந்து, உக்கடத்தில் பஸ் இறங்கி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டார். மேசையில் கிடந்த தாளின் மேல் கையை வைத்துக்கொண்டேன். எல்லாம் பழையபடிதான், மாத்திரைக்கு இப்போது அவசரமில்லை, இரண்டு மாதம் போகட்டும் என்று பூசி மெழுகினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

“அம்மணி, மாட்டை விக்க வாரவன், கெட்ட சுழி இருக்கற எடத்துல கையை வெச்சுட்டுத்தானுங்க பேசுவான்.”

நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். எடுக்காவிட்டாலும் அதேதான்.

“மாத்திரை இப்ப வேண்டாங்கறது எனக்கோசரமுங்களா, உங்க ஆராய்ச்சிக்கோசரமுங்களா?”

சுள்ளென்று கோபம் வந்தது. முதலில் அவர் மேல், அப்புறம் என் மேல். தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். வைரஸ் எழும்புகிறது, உடனே மாத்திரை தொடங்க வேண்டும், மறைத்தது எனக்காகத்தான் என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

எழுந்து போவார், மையத்தில் புகார் சொல்வார், சொல்வதுதான் நியாயம் என்று காத்திருந்தேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டினார்.

“நாளைக்கு மாத்திரைய ஆரம்பிச்சுப்போடறனுங்க. உங்களுக்கு வேண்டியத இன்னைக்கே எடுத்துக்குங்க.”

எத்தனையோ பேருக்கு ஊசி குத்திப் பழகிய கை எனக்கு. அன்று நரம்பு அகப்படவில்லை. மூன்றாவது குத்தில்தான் இரத்தம் வந்தது. அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.