நிச்சயதார்த்தத்தில் பேசிய வால்வு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மிக்ஸி புகைந்தது. ஒரு கை தேங்காய்ச் சட்னிக்கே அது தாங்கவில்லை. மனைவி சுவிட்சை அணைத்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போய் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். "கருகின நாத்தத்த இப்படி ரசிக்கிற மனுஷன இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள். செம்புக் கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் சூட்டில் வேகிற வாசனை அது. ஒரு காலத்தில் என் அறையில், என் சட்டையில், சாப்பிடுகிற சோற்றில்கூட அது இருந்தது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங்கில் இருந்தேன். பிள்ளைப்பாக்கத்தில் ஏழுமலை என்பவருடைய வீட்டு மாடியில் ஒற்றை அறை. பகலெல்லாம் செல்போன் செய்கிற ஒருவன், சாயங்காலம் அறைக்கு வந்து ராசிபுரத்துக்காரர் ஒருவரிடம் பேசுவதற்கு ஒரு மரப்பெட்டியோடு மல்லுக்கட்டுவான் என்றால் யார் நம்புவார்கள்? "போன் பண்ணிப் பேச வேண்டியதுதானே" என்று கேட்காத ஆள் கிடையாது. பரீட்சை எழுதி, லைசன்ஸ் வாங்கி, சொந்தமாக ரேடியோ செய்து, காற்றில் பேசுவது ஒரு பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்கு ஹாம் ரேடியோ என்று பெயர். இதை ஏழுமலைக்கு விளக்க நான் பட்ட பாட்டுக்கு, "சரி தம்பி, கரண்ட் பில்லு மட்டும் ஏறாம பாத்துக்க" என்பதுதான் பதில்.

ஆரம்பத்தில் என் ரேடியோவின் குரல் பூனை முனகுகிற மாதிரி. ராசிபுரத்துக்காரரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். ஓய்வு பெற்ற தபால்காரர். ஞாயிறு தவறினாலும் அவர் தவற மாட்டார். "தம்பி, நீங்க பேசறீங்களா, இல்ல கடுகு தாளிக்கிறீங்களா?" என்று அவர் கேட்ட அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். சத்தத்தைப் பெருக்க ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டியாக வேண்டும்.

சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில், அந்தக் கால ரேடியோக்களில் பல்பு மாதிரி எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வு நான்கு வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் குட்டிக் கத்தரிக்காய் அளவு. எங்கோ ராணுவத்தில் வேலை பார்த்து, அப்புறம் ஒரு சினிமா கொட்டகையில் இருந்துவிட்டு என்னிடம் வந்தவை என்று கடைக்காரர் சொன்னார். டிரான்ஸ்ஃபார்மர்தான் கிடைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போர்வெல் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற ஒருவரிடம் போனேன்.

"எத்தினி வோல்ட் வோணும்?" என்றார்.

"எழுநூறு."

கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "ரேடியோவுக்கா? யாரை சாகடிக்கப் போற?"

என்னையாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டதோ என்னவோ, சுற்றிக் கொடுத்தார். அந்த டிரான்ஸ்ஃபார்மர் போட்ட அரை மணியில் சூடாகி, வார்னிஷ் வாசனை விடும். வால்வுகளோ உள்ளே நீலமாக மின்னிக்கொண்டு பார்க்க அம்சமாக இருக்கும். ஏரியல் கம்பியை என் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எதிரே இருந்த தென்னை மரம் வரை இழுத்துக் கட்டியிருந்தேன். துணி காயப்போடத்தான் என்று நினைத்து ஏழுமலையின் சம்சாரம் ஒரு நாள் அதில் போர்வையைப் போட்டுவிட்டார்கள். நல்லவேளை, அப்போது நான் பேசவில்லை; பேசுகிற நேரத்தில் அதைத் தொட்டால் கை வெந்துவிடும்.

ஏழுமலைக்கு ஒரே பெண், கற்பகம். நான் இருந்த கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை. ஒரே கம்பெனி பஸ், வேறு வேறு ஷிப்ட். ரிப்பேர் பிரிவில், பூதக்கண்ணாடிக்குக் கீழே எறும்புக் கால் அளவு பாகங்களை எடுத்துப் பற்றவைக்கிற வேலை. என்னை அண்ணா என்பாள். "அண்ணா, உன் பொட்டி எங்க டிவில கோடு போடுது" என்று மாதம் ஒரு முறை மாடிப்படியில் நின்று சொல்வாள். பென்னலூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் முரளி, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம், வீட்டு வாசலிலேயே பந்தல். பந்தல்காரர் என் ஏரியல் கம்பியைப் பார்த்து, தோதாக இருக்கிறதே என்று சீரியல் லைட்டை அதிலேயே தொங்கவிட்டார். ஒலிபெருக்கி ஒயரும் அதற்கு இரண்டடி கீழேதான் போயிற்று.

பதினொரு மணிக்கு மேல்தான் தட்டு மாற்றுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் சாரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் குளித்து, சாப்பிடப் போகலாம் என்று நான் திட்டம் போட்டேன். கீழே வடை வேகிற வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. சார், "புது ஆம்ப்ளிஃபயர் எப்படி தம்பி?" என்று கேட்டார். கேட்டால் விடுவேனா?

கீழே அந்த நேரத்தில் பெரியவர் ஒருவர் மைக்கில் லக்னப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாராம். "ஏழுமலையின் குமாரத்தி திருவளர்ச்செல்வி கற்பகத்தை" என்று அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் ஒலிபெருக்கி தொடர்ந்தது:

"பாக்க பளபளன்னுதான் இருக்கு. ஆனா பழைய சரக்கு சார். ஏற்கெனவே ரெண்டு கை மாறி வந்தது. கொஞ்ச நேரத்துலயே சூடாயிருது. ரொம்ப நாள் தாங்கும்னு எனக்குத் தோணல."

இதற்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். இப்போதைய ஹாம் ரேடியோ பக்கத்து மைக் செட்டில் புகுந்தால் வாத்து கத்துகிற மாதிரி இருக்கும், ஒரு வார்த்தையும் புரியாது. என்னுடையது பழைய முறை. கோயில் மணி மாதிரி சொல் சொல்லாக விழும். நீளமாக ஒரு ஒயர் பக்கத்தில் இருந்தால் போதும். மைக் செட்காரர் பதறிப்போய் மைக்கைப் பிடுங்கிக் கீழே வைத்திருக்கிறார். மைக் இல்லாமலே ஒலிபெருக்கி, "வாங்குனவன் தலையெழுத்து, என்ன செய்ய" என்று முடித்திருக்கிறது. அந்த வாங்கினவன் நான்தான். அது கீழே யாருக்கும் தெரியவில்லை.

என் அறைக் கதவு திறந்தது. ஏழுமலை நின்றார். புது வேட்டி, சந்தனப் பொட்டு. கண் கலங்கியிருந்தது.

"தம்பி, என் பொண்ணு உனக்கு இன்னா பண்ணிச்சு?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் கை மைக் பட்டனை விடவில்லை. ஆகவே அவர் கேட்டது கீழே பந்தலுக்கும், அங்கிருந்து ராசிபுரத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பயந்து எழுந்தேன். கால் ஒயரில் மாட்டியது. ஆம்ப்ளிஃபயர் மேசையிலிருந்து ஒரு சாண் நகர்ந்து, 'டப்' என்று ஒரு சத்தத்தோடு அணைந்தது.

ஏழுமலை சொல்லி விஷயம் தெரிந்து நான் கீழே ஓடினேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் வரிசைத் தட்டில் இருந்த தேங்காயைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டு, அது ரேடியோ வால்வைப் பற்றிய பேச்சு, பெண்ணைப் பற்றியதே இல்லை என்று சொன்னேன். பதற்றத்தில் வந்தது முழுக்க எங்க ஊர்ப் பேச்சு.

"ஒயரே இல்லாம உன் பேச்சு எப்பிடி இதுல வரும்?" என்றார் தாய்மாமன். "ரெண்டு பேரும் ஒரே கம்பெனின்றாங்க, ஒரே பஸ்ஸுன்றாங்க. மாடில குந்திக்கினு நீ எதுக்கு இந்தப் பொண்ணப் பத்தி ஊருக்கு சொல்ற? உள்ளத சொல்லு."

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பேசுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் இருக்கிற எல்லா ஆம்ப்ளிஃபயரும் கடலில் போகட்டும், இந்தப் பெண்ணின் காரியம் நடந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். "வேணும்னா மேல போய்ப் பேசிக் காட்டுதேன். இதுல கேக்கும்" என்றேன்.

"பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள காட்டு" என்றார் தாய்மாமன்.

மேலே போய், எல்லா சுவிட்சையும் போட்டு, மைக்கில் "வணக்கம் வணக்கம்" என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே எல்லோரும் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சும்மா இருந்தது. மறுபடியும் வணக்கம். வால்வு நீலமாகவே இல்லை. பொய் சொல்கிறவன் என்று ஊரே முடிவு கட்டுகிற நேரம். எனக்கு வியர்த்துக் கொட்டி, கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது.

படியில் கொலுசுச் சத்தம். அரக்குப் பட்டுப் புடவையில் கற்பகம் வந்தாள். பின்னாலேயே முரளி.

"இன்னா ஆச்சு?" என்றாள்.

"வேலை செய்யல."

"நவுரு." பெட்டிக்கு மேல் குனிந்தாள். நான் அலறாத குறையாகத் தடுத்தேன். அணைத்த பிறகும் அதற்குள் உயிரை எடுக்கிற மின்சாரம் தேங்கி நிற்கும். கம்பி கட்டிய விளக்குமாற்றுக் கட்டையால் அதைத் தொட்டு இறக்க வேண்டும். சுவிட்சை அணைத்து இறக்கினேன். பட்டாசு மாதிரி வெடித்தது. கீழே ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

கற்பகம் உள்ளே ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இத யாரு பத்த வெச்சது?"

"நான்தான்."

"இந்த ஜாயின்ட்டப் பாரு. ஈயம் மேல சும்மா குந்திக்கினு கீது, புடிக்கவே இல்ல. எங்க லைன்ல இப்பிடி வெச்சா சூப்பர்வைசர் வூட்டுக்கு அனுப்பிடுவாரு. எல்லாமே இப்பிடித்தான் கீதா?"

பட்டுப் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சூடான சால்டரிங் ராடை மறு கையில் வாங்கினாள். முரளி தன் செல்போன் விளக்கைக் காட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விட்டுப்போயிருந்த ஜாயின்ட் வெள்ளிக் குண்டுமணி மாதிரி உட்கார்ந்தது. முரளி அதைப் பார்த்துவிட்டு, "சூப்பரா கீது" என்றார். நிச்சயம் ஆவதற்கு முன்பு அவர் அவளிடம் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.

சுவிட்சைப் போட்டேன். நான்கு வால்வும் நீலமாக விழித்தன. நான் மைக்கை எடுப்பதற்குள் கற்பகம் எடுத்துக்கொண்டாள்.

"மாமா, நான் கற்பகம் பேசறேன். உங்க அக்கா பையன் இங்கதான் கீறாரு. பழைய சரக்குன்னு சொன்னது இங்க எரியற நாலு பல்பத்தான். எனக்கு ஒண்ணும் இல்ல, அவருக்கும் ஒண்ணும் இல்லியாம். மணி பதினொன்ற ஆவுது. தட்ட மாத்துங்க."

கீழே ஒலிபெருக்கி கணீரென்று இதைச் சொல்லி முடித்ததும் பந்தல் முழுக்கச் சிரிப்பு. யாரோ நாதஸ்வரக்காரரைத் தட்டி எழுப்பினார்கள். என் ரிசீவரில் சார், "தம்பி, நடுவுல ஒரு பொண்ணு பேசிச்சே. தட்ட மாத்திட்டாங்களா இல்லியா, அதச் சொல்லுங்க" என்று தவித்துக்கொண்டிருந்தார். அவரோடு இன்னும் நாலைந்து ஊர்க்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அடுத்த இரண்டு வாரம் நான் காற்றில் வாயைத் திறந்தாலே பெண் வீட்டார் நலமா என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

தாய்மாமன் மட்டும் முழுக்க நம்பவில்லை. கல்யாணத்தன்று விடிந்ததும் நேராக மாடிக்கு வந்தார். "அந்தப் பொட்டில உசுரு எங்க கீது?" என்று கேட்டு, ஃபியூஸைக் கழற்றச் சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மொய் எழுதி முடிந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். என்னிடம் இன்னும் ஆறு ஃபியூஸ் இருந்தது. தொடவில்லை.

மறுவீட்டுக்கு வந்திருந்தபோது கற்பகம் ஒரு மத்தியானம் மாடியில் உட்கார்ந்து, என் ஆம்ப்ளிஃபயரின் எல்லா ஜாயின்ட்டையும் எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தாள். அதற்கப்புறம் ராசிபுரத்தில் நான் கடுகு தாளிக்கவே இல்லை.

நாங்கள் வேலை பார்த்த கம்பெனியை சில வருஷங்களில் மூடிவிட்டார்கள். ஏழுமலையின் வீடு இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஷிப்ட் மாற்றித் தூங்குகிறார்கள். தென்னை மரம் போய்விட்டது. ராசிபுரம் சார் ஒரு ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவருடைய மகன் போன் செய்தார்.

இப்போது நான் குடியிருக்கிற ஒரகடத்தில், என் வீட்டு மொட்டை மாடியில் இன்னமும் ஏரியல் இருக்கிறது. ரிசீவரைப் போட்டால் ஒரே இரைச்சல். சுற்றிலும் எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர், மாடிக்கு மாடி சோலார். அத்தனையும் சேர்ந்து நாள் முழுக்க உறுமுகின்றன. அதை மீறி யார் குரலும் எனக்கு வந்து சேருவதில்லை. நான் பேசுவதும் யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை. இப்போதைய டிவியும் ஸ்பீக்கரும் அதையெல்லாம் உள்ளேயே விடுவதில்லை. இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. என்ன பேசினே என்று கேட்டு ஒருவர்கூட மாடிப்படி ஏறி வந்ததில்லை.