தறி நிற்கும்போது சொல்ல வேண்டிய ‘க’

பேச்சுப் பயிற்சி என்பது, வாரத்தில் முக்கால் மணி நேரம் நான் செய்துவிட்டு மீதியைக் குழந்தையின் அம்மா அப்பா தலையில் கட்டிவிடும் வேலை. செவிலிமேட்டில் ஒரு மாடி அறை, ஒரு கண்ணாடி, நாலு பொம்மை, ஒரு பெட்டி ஐஸ் குச்சி. என் தொழில் சாமான் அவ்வளவுதான். மற்றதெல்லாம் ‘வீட்டில் செய்ய வேண்டியவை’ என்று நான் எழுதித் தரும் நோட்டில் இருக்கும். அப்படி ஒரு நோட்டை வாங்கிப் போய், பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதா ‘ர’ சொல்லித் தருவதா என்று விழித்தவர் நீங்களும் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். உங்களைப் படுத்தியது என்னைப் போன்ற ஓர் ஆள்தான். நானும் கொஞ்சம் பட்டிருக்கிறேன்.

மருந்து இல்லாத சீட்டு

செல்வி தன் ஐந்து வயது மகள் கீர்த்திகாவை அழைத்து வந்தது பொங்கல் முடிந்த வாரம். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் குடும்பம். பிள்ளை யூகேஜி படிக்கிறாள். ‘க’ வர வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்கு ‘த’ வரும். கதவு ‘ததவு’, கொசு ‘தொசு’, சொந்தப் பெயரே ‘தீத்திதா’. வகுப்பில் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பள்ளியில் அவள் வாயே திறப்பதில்லை, பேர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாள். இப்படியே இருந்தால் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்ப முடியாது, இன்னொரு வருஷம் யூகேஜியிலேயே இருக்கட்டும் என்று மிஸ் சொல்லிவிட்டாராம்.

பார்த்தேன். காது நன்றாகக் கேட்கிறது, நாக்கிலும் கோளாறு இல்லை. ‘க’ சொல்ல நாக்கின் பின்பக்கம் மேலே எழ வேண்டும். இவள் நுனியைத் தூக்குகிறாள், விஷயம் அவ்வளவுதான். நுனியைக் குச்சியால் மெல்ல அழுத்திப் பிடித்தால் பின்பக்கம் தானாக எழும். ‘தினமும் ரெண்டு வேளை, பத்துச் சொல், வீட்டு வேலையோடு வேலையாகச் செய்யவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். செல்வி நோட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வசம்புகூட தேய்ச்சிப் பார்த்துட்டோம் டீச்சர். நீங்க ஊசி, டானிக்கு எதுவுமே எழுதலியேமா?”

நூற்றுக்கு நூறு

நான் கொடுக்கும் நோட்டுகளில் பாதி, காபிக் கறையோடு காலியாகத்தான் திரும்பி வரும். முகூர்த்தப் புடவை நெருக்கடியில் மூன்று வாரம் கழித்தே வந்த கீர்த்திகாவின் நோட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. ரெண்டு வேளையும் டிக். பெருமையோடு அவளை எதிரே உட்கார வைத்து, “கதவு சொல்லு” என்றேன். “ததவு!” என்றாள். முன்பு தயங்கித் தயங்கி வந்த தப்பு, இப்போது அழுத்தம் திருத்தமாக, அறையே அதிரும்படி வந்தது.

எனக்கு முன்கோபம் உண்டு. டிக் அடிப்பதற்காக நோட்டுக் கொடுக்கவில்லை என்று பிள்ளையின் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அன்று அப்பா குமரேசனும் வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். முகம் சுருங்கிவிட்டது. எழுந்து நின்று சொன்னார்: “பொய் டிக்கு இல்ல டீச்சர். தறியில உக்காந்துக்கினே ரெண்டு பேரும் தெனம் சொல்லிக் குடுத்தோம். வேணும்னா நீங்களே வந்து பாருங்க.”

இழை அறுந்தது

போய்ப் பார்த்தேன். தறிக் குழிக்குள் காலை விட்டுக் குமரேசன் உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூல் ஓடும் கட்டையை, அதாவது நாடாவை, தள்ளிக் கொடுப்பவர் செல்வி. தலைக்கு மேலே, பூ வேலைக்கு இழை தூக்கும் ஜக்காடு பெட்டி தடதடக்கிறது. தரையில் நோட்டோடு கீர்த்திகா. கரையிலிருந்து கண்ணை எடுக்காமலே செல்வி “கதவு!” என்று கத்தினார். பிள்ளை திருப்பிக் கத்தினாள். “சரி, அடுத்தது!” மூன்றடி தள்ளி நின்ற எனக்கே, வந்தது ‘க’வா ‘த’வா என்று தெரியவில்லை. அந்தச் சத்தத்தில் யாருக்கும் தெரியாது. பிள்ளையின் வாயைப் பார்க்கலாம் என்றால், இருவர் கண்ணும் நூலில் இருந்தாக வேண்டும்.

வேலையோடு வேலையாகச் செய்யச் சொன்னது யார்? நான்தானே! அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்கள். மூன்று வாரம் தப்பையே உருப்போட வைத்தது என் நோட்டு. வெட்கமாக இருந்தது. நின்ற இடத்திலேயே இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அப்போது நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்து தறி நின்றது. குமரேசன் குனிந்து அறுந்த நுனியைத் தேட, கை சும்மாயிருந்த செல்வி மகள் பக்கம் திரும்பினார். வீட்டில் அப்படி ஓர் அமைதி. “இப்ப சொல்லுங்க, இப்ப!” என்று நான் குதித்தேன். அன்றே நோட்டை மாற்றினேன். இழை அறுந்தால் மட்டும் பயிற்சி. முகத்துக்கு முகம், குச்சி, கண்ணாடி, மூன்றே சொல். பத்து நாள் கழித்துக் குமரேசன் போனில் சொன்னார்: “இத்தினி வருசமா இழை அறுந்தா எனக்கு எரிச்சலா வரும் டீச்சர். இப்ப அறுந்தா போதும், இந்தப் பொண்ணு கண்ணாடிய தூக்கிக்கினு ஓடியாருது!”

முதலில் சோறு

மாசி முடிவதற்குள் ‘க’ வந்துவிட்டது. முதலில் தனியாக, பிறகு ‘கை’யில், ‘காது’வில். குமரேசனுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடும்போது, தெருவில், பஸ்ஸில் என்று பிள்ளை எதைச் சொன்னாலும் பாதியில் நிறுத்தித் திருத்த ஆரம்பித்தார். வீட்டிலும் அவள் பேச்சு குறைய ஆரம்பித்தது. என் அறையில் கரடி பொம்மை வேண்டுமென்றால் “அந்தப் பெருசு” என்று கேட்டாள். பொல்லாத கெட்டிக்காரி. ‘க’ இல்லாத சொல்லாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாகிவிட்டது. ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டு, பேச்சையே பிடுங்கிக்கொண்டோமோ?

மற்ற நேரத்தில் திருத்தாதீர்கள், அவள் என்ன சொல்கிறாளோ அதற்குப் பதில் மட்டும் சொல்லுங்கள் என்று குமரேசனிடம் சொன்னேன். “தப்பா நெய்ஞ்சா பிரிச்சித்தானே ஆவணும்?” என்று மடக்கினார். “பிரிங்க. தறி நிக்கும்போது மட்டும்” என்றேன். அரை மனதாகத் தலையாட்டிவிட்டுப் போனவர், மறுநாள் சாப்பாட்டிலேயே மறந்துபோய் ஆரம்பித்திருக்கிறார். கீர்த்திகா தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாளாம்: “அப்பா, மொதல்ல சோறு. அப்புறமாதான் பாடம்.”

அதற்குப் பிறகு அவர் திருத்தவில்லை.

மிஸ்ஸின் புடவை

ஏப்ரலில் பள்ளியில் கூப்பிட்டார்கள். அன்று பிள்ளை பேசுவதைப் பார்த்துத்தான் முடிவு. “நீங்களும் வாங்க டீச்சர்” என்று செல்வி கெஞ்சியதால் போனேன். அன்று அங்கே ஏதோ விழா. மிஸ் பட்டுப் புடவையில் இருந்தார். நல்ல பெண்மணிதான், நாற்பது பிள்ளைகளை மேய்த்துக் களைத்தவர். “உன் பேர் என்னம்மா?” பதில் இல்லை. “அப்பா பேரு?” அதற்கும் இல்லை. பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், சொல்லுடி, சொல்லுடி என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். மிஸ் பாவமாக எங்களைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

கீர்த்திகா மேஜை ஓரத்தில் தொங்கிய அவர் முந்தானையைக் கையில் எடுத்தாள். கரையை விரலால் தடவினாள். திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். பிறகு, “இது கோர்வை இல்ல மிஸ்” என்றாள். கரைக்கு ஒரு நூல், உடலுக்கு ஒரு நூல் என்று தனித்தனியாக ஓட்டி இரண்டையும் கோத்து நெய்வதற்குத்தான் கோர்வை என்று பேர். நான் எழுதிக் கொடுத்த எந்தப் பட்டியலிலும் அந்தச் சொல் கிடையாது. மிஸ் “என்னது?” என்றார். “எங்கம்மா போடுறதுதான் கோர்வை. இதுல கரை தனியா வரல. எந்தத் தடையில வாங்குனீங்க? ஏமாத்திட்டாங்க மிஸ்!” நடுவில் ஒரு ‘கடை’ தவறியது. அதை நான் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மிஸ் முந்தானையை மெல்ல இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: “ஜூன்ல ஒண்ணாங்கிளாஸுக்கே வரட்டும்மா. ஆனா இந்தப் பொடவையப் பத்தி மத்த மிஸ்ங்ககிட்ட மட்டும் பேச வேணாம்னு சொல்லி வைங்க.”

ஆகவே, நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, பிள்ளைக்குப் பேச்சு தெளிந்த மறுநிமிடமே அது நம்மைப் பற்றிய உண்மைகளைத்தான் முதலில் பேசும் என்பதற்கும் சேர்த்தே தயாராக இருங்கள்.