முச்சந்தியில் கொட்டிய சக்கை

எனக்கு வாய் நீளம் என்று ஷிபான் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முப்பது வருஷமாக மருந்துக்கடையில் தராசு பிடித்தவள் நான். யாருக்கு மூலம், யாருக்குப் பிள்ளை தங்கவில்லை என்பதெல்லாம் என் கை வழியாகத்தான் பொட்டலம் பொட்டலமாகப் போனது. அதில் ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. அப்படிப்பட்ட நான்தான் தெங் மூகெனைக் கெடுத்தேன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் என்ன, கெட்டது கெட்டதுதானே.

மூகென் எங்கள் ஊருக்கும் நகரத்துக்கும் இடையே பஸ் ஓட்டியவன். ரெக்சின் சீட்டில் நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பான். எங்கள் பக்கம் பாதி வருஷம் வெயிலே கண்ணில் படாது, துவைத்துப் போட்ட கால்சட்டை மூன்று நாளானாலும் காயாது. ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டு போவான். வயது நாற்பத்தொன்று, கல்யாணமாகவில்லை. நல்ல ஆள், கை சுத்தம், வாய் சுத்தம். வரன் வந்தால் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பான். இவனுக்கு என்ன குறை என்று ஊர் கேட்கும். அந்தக் குறை எட்டு வருஷமாக அவன் தொடை இடுக்கில் இருந்தது.

அவன் மனசை மாற்றியவள் லுவோ சியூபிங். பஸ் நிலையத்தில் சோயா டோஃபு விற்பவள், புருஷனை இழந்தவள், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை உண்டு. தினமும் விடிகாலையில் இவனுக்கென்று ஒரு கிண்ணம் சூடாக எடுத்துவைப்பாள். பேச்சு வளர்ந்து, ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் கல்யாணம் என்று நிச்சயமானது. அதற்குள் உடம்பு தேறியாக வேண்டும். அவனுக்கு இருந்த கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

எங்கள் கடையில் வைத்தியர் பெங் நாடி பார்ப்பார். அவருக்குக் காது மந்தம், எதையும் சத்தமாகத்தான் சொல்வார். மேஜையைச் சுற்றி எல்லா நோயாளிகளும் நெருக்கியடித்து நிற்பார்கள். ஒருவன் நோய் ஊர் நோய், ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள்.

"எங்க அரிக்குது?" என்றார் பெங்.

"தொடையில, வைத்தியரே."

"தொடையில எங்க?"

"தொடையிலதான்."

"பூண்டு அரைச்சுப் பூசு தம்பி, பறந்துபோயிடும்!" என்றாள் இருமலுக்கு வந்த ஒருத்தி. மூகென் முகம் மிளகாய்ப்பழம் மாதிரி ஆகிவிட்டது.

இப்படியே இரண்டு தடவை வந்து தொடைக்கு மருந்து வாங்கிப்போனான். மூன்றாம் தடவை பெங்குக்குப் பொறுக்கவில்லை. திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தார். நாங்கள் கேட்டதெல்லாம் அவருடைய அதட்டல் மட்டும்தான்.

"கொதிக்கிற தண்ணியா ஊத்தற? என்ன, உருளைக்கிழங்கா வேகவைக்கிற?"

அந்தச் சூடு பட்டால் அரிப்பு கொஞ்ச நேரம் அடங்குமாம். அப்புறம் இரண்டு மடங்காகத் திரும்பி வருமாம். எட்டு வருஷம் அப்படித் தன்னைத் தானே வேகவைத்திருக்கிறான், பாவி.

மருந்துச் சீட்டு என் கைக்கு வந்ததும் புரிந்துவிட்டது. குடிக்க ஒரு மருந்து, கழுவ ஒரு மருந்து. கசப்பு வேர், பாம்புப்படுக்கை விதை, மஞ்சள் மரப்பட்டை எல்லாம் கழுவுவதற்கு. நான் தலை நிமிரவே இல்லை, நிறுத்துக் கட்டினேன். அவன் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்.

"அக்கா, காய்ச்சின சக்கைய என்ன பண்ண?"

பின்னால் ஆட்கள் முண்டிக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் சொல்வதையே இவனுக்கும் சொன்னேன்.

"முச்சந்தியில கொட்டிடுப்பா. போறவங்க வர்றவங்க மிதிச்சா நோய் அவங்க காலோட போயிடும்."

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். குடிக்கிற மருந்தின் சக்கைக்கு அது சரி. கழுவுகிற மருந்தின் சக்கை வேறு. அது இன்ன இடத்துக்கு என்று தெரிந்தவன் கண்ணுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். 'அதை மட்டும் அடுப்பில் போட்டு எரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய், வேண்டிய நேரத்தில் வரவில்லை.

ஒன்றரை மாதம் பத்தியம் இருந்தான். மிளகாய் கிடையாது, சாராயம் கிடையாது, ஆட்டுக்கறி கிடையாது, மூங்கில் குருத்துகூடக் கிடையாது. எங்கள் ஊர்க்காரன் மிளகாய் இல்லாமல் நூடுல்ஸ் சாப்பிட்டால் சும்மா விடுவார்களா?

"என்ன மூகென், மாசமா இருக்கியா? மசக்கையா?" என்று மற்ற டிரைவர்கள் கலாய்த்தார்கள்.

"ஆமாடா, பொறந்தா உன் பேர்தான் வைப்பேன்" என்று சிரித்துக்கொண்டே வெறும் நூடுல்ஸை உறிஞ்சினான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. புண் ஆறிக்கொண்டு வந்தது. "இப்பல்லாம் நல்லா தூங்கறேன் அக்கா" என்று என்னிடம் வந்து சொன்னான். கல்யாணத்துக்கென்று புதுசாக இரண்டு பஞ்சுப் போர்வை வாங்கினான், இரண்டும் மங்கலச் சிவப்பு.

முச்சந்தியில் கிழவன் சூ உட்கார்ந்து வேர் விற்பான். மலையில் மூலிகை பறித்துப் பிழைத்தவன். ஒரு நாள் காலையில் காலடியில் கிடந்த சக்கையைக் கைத்தடியால் கிளறினான்.

"பாம்புப்படுக்கை விதை... கசப்பு வேர்... ஏய், இது வாய் வழியா போற மருந்து இல்லடா! கீழ கழுவறது. எந்த மகராசன் வீட்டுக்கு இந்த விருந்தாளி வந்திருக்கு?"

பெரிய நகைச்சுவை சொன்ன நினைப்பு அவனுக்கு. மூகென் பாத்திரத்தோடு வந்து கொட்டியதை எதிர்வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். அது போதாதா? தினமும் நகரத்துக்குப் போகிறவன், நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன், பஸ் பழுதானால் அங்கேயே தங்குகிறவன். நகரத்துப் பெண்களிடம் வாங்கி வந்த வியாதி என்று மத்தியானத்துக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

மூன்றாம் நாள் சியூபிங்கின் அண்ணன் பஸ்ஸில் ஏறினான். நிச்சயத்துக்கு மூகென் கொடுத்த சாராயப் புட்டிகளையும் சிவப்புத் துணியையும் பயணிகள் எல்லாரும் பார்க்க எஞ்சின் மூடிமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனான். மூகென் வண்டியைக் கிளப்பி, நகரம் வரை ஓட்டிக்கொண்டு போனானாம்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவன் நோயை இன்னொருத்தியிடம் சொல்லப் போனேன். சியூபிங் தனியாகத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அது ஒட்டுவாரொட்டி இல்லடி. ஈரத்துல வர்ற கரப்பான் படை. எட்டு வருஷமா இருக்கு. எவகிட்டயும் வாங்கிட்டு வந்தது இல்ல. வேணும்னா வைத்தியரையே கேளு."

"தெரியும் அக்கா. நான் அவரை நம்பறேன்."

"அப்புறம் என்னடி?"

"நேத்து பதினோரு பேர்தான் சாப்பிட வந்தாங்க. அதுலயும் ரெண்டு பேர் கிண்ணத்த மோந்து பாத்துட்டு அப்படியே வெச்சுட்டுப் போனாங்க. நான் சாப்பாட்டுக் கடைக்காரி. எம் பொண்ணுக்கு என்னை விட்டா யாரு? நீங்க வீடு வீடா போய், அவருக்கு இன்ன எடத்துல படைன்னு சொல்வீங்களா? சொன்னா மட்டும் அவரு தலை நிமிர்ந்து பஸ் ஓட்ட முடியுமா?"

அவள் ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அக்கா. நானே காய்ச்சிக் குடுத்திருப்பேன். சக்கைய என் அடுப்புலயே போட்டிருப்பேன்."

அதற்கப்புறமும் மூகென் மருந்தை விடவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் காலையில் கடைக்கு வந்தான். கல்யாணத்துக்கென்று முன்பே எழுதிக் கொடுத்திருந்த லீவு, அதை மாற்ற முடியவில்லையாம். பெங் அவனைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தார். வெளியே வந்ததும், காது மந்தமானவர் அல்லவா, கடை அதிரச் சொன்னார்.

"சுத்தமா கொணமாயிடுச்சு! இனிமே வராத. போய் மிளகாய் தின்னு!"

கூடி நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். மூகென் என் மேஜைக்கு வந்தான். நான் அழுதுவிட்டேன்.

"நான்தான் சொல்லாம விட்டுட்டேன் தம்பி. என்னாலதான்."

"எல்லாருக்கும் சொல்றததானே எனக்கும் சொன்னீங்க" என்றான். பிறகு குனிந்து, அதே தணிந்த குரலில் கேட்டான்.

"கொணமாயிடுச்சு அக்கா. இதை இப்ப யார்கிட்ட போய் சொல்றது?"