நாலு கிலோ கல்

வடக்கனந்தல் ஆதிமூலம் இதுவரை முப்பத்தெட்டு முறை ரத்தம் கொடுத்திருக்கிறார். பெரிய மனசு என்று ஊரே சொல்கிறது. இருக்கட்டும். ஆனால் அவரை முதலில் அந்தக் கட்டிலில் படுக்க வைத்தது அவருடைய அவசரக் கோபம்தான். கூட இருந்து பார்த்தவன் நான்.

1987 செப்டம்பர். எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். கள்ளக்குறிச்சி எல்லையில் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்து, பக்கத்தில் கருங்கல்லைக் குவித்திருந்தோம். ஆதிமூலத்துக்கு அப்போது முப்பது வயது. கரும்பு விவசாயி. மூக்கின் மேல் கோபம்.

மூன்றாம் நாள் காலை ஒரு அம்மா வந்தாள். யாரையும் பார்க்காமல் குவியலிலிருந்து இரண்டு கல்லை எடுத்து மடியில் மறைத்துப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்குள் விறுவிறுவென்று போனாள். மறியலைக் கலைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து ஆதிமூலம் பின்னாலேயே ஓடினார். நானும் ஓடினேன்.

உள்ளே அவள் எடைக்கருவி மேல் நின்றிருந்தாள். நர்ஸ் ராதிகா முள்ளைப் பார்த்து, "நாப்பத்தஞ்சு கீதே! மொதல்ல நான்தான் சரியா பாக்கல போல" என்றார்.

"ஏய், கல்ல கீழ வையி! எங்க கல்ல இன்னாத்துக்கு எடுத்துக்கினு வந்த?" என்று கத்தினார் ஆதிமூலம்.

பயத்தில் அவள் கை மடியை விட்டது. கற்கள் தரையில் விழுந்தன. முள் நாற்பத்தொன்றுக்கு இறங்கியது.

சங்கராபுரம் பக்கத்துக் கூலிக்காரி அவள், பெயர் கொளஞ்சியம்மாள். மகள் இசைவாணிக்கு விடியற்காலையில் குழந்தை பிறந்தது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடன் வந்தவர்களில் தாயின் ரத்தம் மட்டும்தான் சேர்ந்தது. நாற்பத்தைந்து கிலோ இல்லாதவரிடம் எடுக்க மாட்டார்கள். வேறு சொந்தக்காரர் வர வழியில்லை. இதையெல்லாம் நர்ஸ் எங்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"கூலி வேல செய்யற ஒடம்பும்மா, கம்மியாதான் இருக்கும். எனக்கு ஒண்ணும் ஆவாது, எடுத்துக்கோங்க" என்று கொளஞ்சியம்மாள் நர்ஸின் கையைப் பிடித்து அழுதாள்.

நாங்கள் கேட்ட இடஒதுக்கீட்டில் நியாயம் இருந்தது, இன்றைக்கும் சொல்வேன். ஆஸ்பத்திரி வண்டி வந்தால் விடுவோம் என்றும் பேசி வைத்திருந்தோம். ரத்தம் கொடுக்க வருகிறவன் டவுன் பஸ்ஸில் வருவான் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

"என்னுத பாருங்க" என்று சட்டைக்கையை மடித்தார் ஆதிமூலம். பார்த்தார்கள். சேர்ந்தது.

ஊசியைக் கண்டதும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள் போலீஸ் தடிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மறுகையால் துழாவி, பக்கத்தில் நின்ற கொளஞ்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் பதறிப்போய்க் கையை இழுத்தாள். "ஐயா, நான் காலனிங்க."

"வுட்டுடாதீங்கம்மா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "பயமா கீது."

பாட்டில் நிறையும் வரை அவள் விடவில்லை. சாயங்காலம் இசைவாணி கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.