சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய தேங்காய்

டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் சமையலறைக்குள் நுழைந்தால் சிக்னலில் மாட்டிக்கொண்டது போல இருக்கிறது. இட்லி அரிசி டப்பாவில் சிவப்பு ஸ்டிக்கர். புளி, தேங்காய், காப்பிப்பொடி எல்லாவற்றிலும் சிவப்பு. கோதுமை ஆட்டா டப்பாவுக்கு மட்டும் பச்சை. ஒட்டியவள் ஏழாவது படிக்கும் என் மகள் நிலா. தூரத்திலிருந்து லாரியேறி வரும் சாப்பாடு பூமியைச் சூடாக்குகிறதாம். பள்ளியில் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து சிவப்பு ஒட்டியதை அவள் தொடுவதில்லை.

"நீ சாப்டும்மா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எனக்கு ரொட்டி போதும்."

ஒன்றும் சொல்லமாட்டாளாம். என்ன பெருந்தன்மை. நாளெல்லாம் ஏசியை ஓடவிட்டு, அதன் கீழே உட்கார்ந்துதான் எனக்குப் பாடம் எடுக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பேச்சில் பாதி இந்தி. எங்கள் ஊர் என்று அவளிடம் மிச்சமிருந்ததே சாம்பார் சாதம்தான். அதுவும் போனால் எனக்கும் அவளுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது?

கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் இந்தியில் புலம்பினேன். "இதுல என்ன கஷ்டம்? பாசுமதி பக்கத்துல ஹரியானாவுலதானே விளையுது. அதுல இட்லி பண்ணுங்க" என்றார். மாடியேறி வந்துவிட்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். கல்யாணமாகி டெல்லி வந்த புதிதில், ரொட்டி தொண்டையில் இறங்காமல் அழுதவள் நான். தென்காசியிலிருந்து அண்ணன் ரயிலில் போட்டுவிட்ட அரிசி மூட்டையைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

கோடை விடுமுறைக்கு அந்த அண்ணன் வீட்டுக்கே போனோம். இவள் அங்கே என்ன சாப்பிடுவாள் என்று வழியெல்லாம் கவலை. மதினி இலை போட்டாள். நிலா சோற்றையே பார்த்தாள்.

"அத்தை, இந்த அரிசி எங்கேர்ந்து வருது?"

"நம்ம வயலுதாம்ட்டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கெடக்குல்லா."

"அச்சா" என்றாள். பிறகு சாம்பாருக்கும் ரசத்துக்கும் சோறு கேட்டுக்கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நாலைந்து நாளில் எனக்கு என்னவோ போல் ஆனது. காலையும் அரிசி, மதியமும் அரிசி, ராத்திரியும் அரிசி. அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்: "இங்கன நல்ல ஆட்டா எங்கண்ணே கெடைக்கும்?"

மதினி சிரித்தாள். நிலா சிரிக்கவில்லை.

"அம்மா, கோதுமை அங்கேர்ந்துதானே வரணும். டெல்லில இருந்தா இந்த ஊர் சாப்பாடு கேக்குற. இங்க வந்தா டெல்லி சாப்பாடு கேக்குற."

அண்ணன் கடைக்குப் போய் ஓர் ஆட்டா பொட்டலத்தோடு வந்தான். நிலா தன் பையைத் துழாவி ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்தாள். அந்தப் பொட்டலத்தில் ஒட்டப்போகிறாள் என்று பார்த்தால், என் கையைப் பிடித்து அதில் ஒட்டினாள்.